தட்டுல விழுந்த வட்டத்தோட நின்னுடாதீங்க

டிஸ்கி: இது சினிமா விமர்சனமோ கூட்டணிக் கணக்கோ இல்லை. பாக்டீரியா, சீழ், சுவரொட்டி, தக்காளின்னு கலந்துகட்டி வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கை கழுவிட்டு வாங்க :-)

நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைங்க கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட்னு ஒண்ணு செய்வாங்க. அதுக்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கு. எங்கிருந்தாவது கொஞ்சம் மண்ணோ சேறோ அள்ளணும். தட்டுல பரப்பணும். ஏதாவது ஒரு நொதி சுரக்கிற பாக்டீரியாவைச் சுத்தி வட்டம் விழுந்தா போட்டோ எடுக்கணும். அந்தப் பாக்டீரியாவோட 16எஸ் ஜீனை வரிசைப்படுத்த ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி அனுப்பணும். வர்ற எழுத்துகளைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு உறவுமுறை மரம் வரையணும். பைண்டிங் கடைக்குப் போகணும். அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிஞ்சது.

இது பாதி வழியில இறங்கிக்கிற பயணம்ங்கிறது என் கருத்து. இப்படிச் செஞ்சா பாக்டீரியாவோட பேர் கிடைக்கும், அது சுரந்த நொதி கிடைக்காது. வட்டம் போட்டது ஒரு நொதியா, நாலு நொதியா, அது எந்தச் சூட்டுல வேலை செய்யும், எந்த உலோகம் இல்லேன்னா படுத்துக்கும், எதுவுமே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் சுத்திகரிப்புன்னு ஒரு வேலை இருக்கு. அலுப்பான வேலைதான். ஆனா அதைச் சொல்லித் தராம பிள்ளைங்களை வெளிய அனுப்புறோம்.

இந்த ஆதங்கம் கிளம்பினது எங்க அக்கா மகளால. நமக்குச் சொந்த ஊர் குச்சனூர். சனீஸ்வரர் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமை வந்தவங்க சுரபி நதியைப் பார்த்திருப்பீங்க. நாங்க வாய்க்கால்னும் சொல்லுவோம். திருவிழாக் கூட்டம் குளிச்சு, எள்ளுச் சோறு வச்சு, காக்காவுக்குப் போட்டது போக மிச்சமெல்லாம் அடியில சேறாத் தங்கும். அந்தச் சேத்துல இருந்து பாப்பா ஒரு பாக்டீரியாவைப் பிரிச்சிருக்கா. டி.என்.ஏ. கலந்த அகார் தட்டுல வளர்த்துட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊத்தினா, டி.என்.ஏ. திரண்டு தட்டு முழுக்கப் பால் மாதிரி வெளுத்துடும். டி.என்.ஏ.வை வெட்டிப் போட்ட இடம் மட்டும் தெளிவா நிக்கும். 1957ல இருந்து இருக்கிற பழைய சோதனை இது. இவளோட ஏழாம் நம்பர் பாக்டீரியாவுக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டம். அதுக்குக் "கு-7"னு பேரும் வச்சிட்டா. கு-ன்னா குச்சனூராம்.

"மாமா, இதைச் சுத்தமாப் பிரிச்சு எடுக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா 16எஸ் போதும், நேரம் இல்லைன்னு சொல்றாங்க. அப்பா என்னன்னா பேங்க் எக்ஸாம் கோச்சிங்ல சேருங்கிறாரு."

சொல்றவங்க மேலயும் முழுத் தப்பு இல்ல. ஆறு மாசத்துல நாலு மாசம் பரீட்சையும் லீவும் தின்னுடும். ஒரே சென்ட்ரிஃபியூஜை இருபது பேர் பங்கு போடணும். இதெல்லாம் தெரிஞ்சுதான், கூடாதுன்னு சொல்றவங்களுக்கு எதிரா இந்தப் பதிவை எழுதுறேன்.

முதல்ல இந்த நொதி எதுக்குன்னு கேக்குறவங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை.

1869ல ஜெர்மனியில ட்யூபிங்கன் ஊர்ல, ஃப்ரீட்ரிக் மீஷர்னு ஒரு இளைஞர் ஆஸ்பத்திரியில இருந்து சீழ் பிடிச்ச கட்டுத்துணிகளை வாங்கிட்டு வந்து, அதுல இருந்த வெள்ளை அணுக்களோட உட்கருவுல இருந்து ஒரு புதுப் பொருளைப் பிரிச்சாரு. இன்னைக்கு டி.என்.ஏ.ன்னு நாம கொண்டாடுறது முதல்முதலா கிடைச்சது சீழ்ல இருந்துதான். சீழ் ஏன் அப்படிக் கொழகொழன்னு, இழுத்தா நூல் மாதிரி வருது? செத்த வெள்ளை அணுக்கள் கொட்டின டி.என்.ஏ. அதுல நிறைய இருக்கிறதும் ஒரு முக்கியக் காரணம். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

1944ல நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்துல ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூணு பேரும் பரம்பரைக் குணத்தைக் கடத்துற பொருள் டி.என்.ஏ.தான்னு சொன்னாங்க. பல பேர் நம்பல. "உங்க டி.என்.ஏ.வுல கொஞ்சூண்டு புரதம் ஒட்டியிருக்கும், வேலை செய்யறது அதுதான்"னு அதே நிறுவனத்துல இருந்த மிர்ஸ்கி பிடிவாதமா நின்னாரு. அந்த வாதத்துக்கு எப்படிப் பதில் சொல்றது? மெக்லின் மெக்கார்ட்டி உக்காந்து மாட்டுக் கணையத்துல இருந்து டி.என்.ஏ.வை மட்டும் வெட்டுற நொதியைச் சுத்தம் பண்ணினாரு. புரதத்தை வெட்டுற நொதி அதுல கலந்துடாம இருக்கத்தான் அத்தனை பாடும். 1946ல வந்த அந்தச் சுத்தமான நொதியைத் துளியூண்டு போட்டதும் பரம்பரைக் குணம் கடத்துற சக்தி போயிடுச்சு. சிட்ரேட் சேர்த்து மெக்னீசியத்தைக் கட்டிப் போட்டா நொதி படுத்துக்கிச்சு, கடத்துற சக்தி பிழைச்சுது. நொதி அழுக்கா இருந்திருந்தா இந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. எது எதை வெட்டிச்சுன்னு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதே மெக்கார்ட்டி 1948ல இன்னொண்ணு காட்டினாரு. தொண்டைப் புண் வரவைக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவும் இந்த மாதிரி நொதியை வெளியே, தான் வளர்ற திரவத்துலயே சுரந்து விடுது. நம்ம விஷயத்துக்கு வந்தாச்சு. பாக்டீரியா எதுக்கு வெளியே சுரக்கணும்? ஒண்ணு, சாப்பாடு. மண்ணுலயும் தண்ணியிலயும் செத்த உயிர்களோட டி.என்.ஏ. ஏராளம், அதை வெட்டினா பாஸ்பரஸும் நைட்ரஜனும் கிடைக்கும். இன்னொண்ணு, தப்பிக்கிறது. நம்ம வெள்ளை அணுக்கள் தங்களோட டி.என்.ஏ.வையே வலை மாதிரி வீசிக் கிருமியைப் பிடிக்குதுன்னு 2004ல பெர்லின்ல சைக்லின்ஸ்கி குழு கண்டுபிடிச்சாங்க. அந்த வலையை அறுக்கிற கத்தரிக்கோல்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சுரக்கிற நொதி. நம்ம ஊர்க் காலரா கிருமியும் இதே வேலையைச் செய்யுது, அதுகிட்ட ரெண்டு கத்தரிக்கோல் இருக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளுக்கு வர்றேன். லூயிஸ் வன்னமேக்கர், மின்னசோட்டா பல்கலைக்கழகம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளியே விடுறது ஒரு டி.என்.ஏஸ் இல்ல, தனித்தனியா மூணு இருக்குன்னு 1958ல பிரிச்சுக் காட்டினாரு. நாலாவது பின்னாடி சேர்ந்துச்சு. ஏ, பி, சி, டி. இதுல பி-க்கு எதிரா நம்ம ரத்தத்துல வர்ற எதிர்ப்பொருளை அளந்து பார்க்கிறதுதான் ஆன்டி டி.என்.ஏஸ் பி டெஸ்ட்.

இது ஏன் முக்கியம்னு நம்ம கிராமங்கள்ல வளர்ந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைங்களுக்குச் சொறி சிரங்கு வரும், சீழ் வைக்கும், காஞ்சும் போகும். யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டு மூணு வாரம் கழிச்சு காலையில எந்திரிக்கும்போது முகம் வீங்கியிருக்கும், மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோல்ல வந்துட்டுப் போன பின்னாடி சிறுநீரகம் வாங்குற அடி அது. இதை உறுதி பண்ண எல்லா ஊர் லேப்லயும் எடுக்கிற டெஸ்ட் ஏ.எஸ்.ஓ. தொண்டைப் புண்ணுக்கு அது சரி. தோல் புண்ணுக்கு அது பல தடவை ஏமாத்திடும். தோல்ல இருக்கிற கொழுப்புச் சத்து அந்த ஸ்ட்ரெப்டோலைசினைச் செயலிழக்க வச்சிடுது, அதனால எதிர்ப்பொருள் பெருசா ஏறாது. ஆனா டி.என்.ஏஸ் பி-க்கு எதிரானது ஏறும். மின்னசோட்டாவுல ரெட் லேக்ங்கிற பழங்குடிகள் பகுதியில 1966ல தோல் புண்ணுக்குப் பின்னாடி பிள்ளைங்களுக்கு வந்த சிறுநீரக நோயைப் பார்த்த அனுபவமெல்லாம் வன்னமேக்கர் குழுவுக்கு உண்டு. நம்ம பக்கம் வேலூர் சி.எம்.சி.யில கிரேஸ் கோஷியும், அவங்களுக்குப் பின்னாடி பிரம்மதத்தனும் இந்தக் கிருமியைப் பல வருசம் விடாம ஆராய்ச்சி பண்ணினவங்க. தமிழ்நாட்டுப் பிள்ளைங்களோட தொண்டையிலயும் தோல்லயும் என்ன இருக்குன்னு ஓரளவாவது நமக்குத் தெரியுதுன்னா அதுக்கு வேலூருக்கு நன்றி சொல்லணும்.

நான் சொல்ல வர்றது இதைத்தான். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தட்டுல வட்டம் போடுது"ன்னு போட்டோ எடுத்துட்டு வன்னமேக்கர் வீட்டுக்குப் போயிருந்தா, அந்த டெஸ்ட் இல்லை. நாலு நொதியும் கலந்த கஞ்சியை வச்சு எதையும் நம்பிக்கையா அளக்க முடியாது. பிரிச்சதாலதான் எது பிள்ளையோட ரத்தத்துல தடம் விடுதுன்னு தெரிஞ்சது.

இப்ப சீழ். நெஞ்சுக்கூட்டுக்குள்ள, நுரையீரலைச் சுத்தி சீழ் கட்டிக்கும். நிமோனியா, காசநோய்னு பல காரணம். குழாய் போட்டாலும் வராது, ஏன்னா கெட்டியா, அறை அறையா இருக்கும். டில்லெட்டும் ஷெர்ரியும் 1949ல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சுரக்கிற ரெண்டு நொதிகளை, ஸ்ட்ரெப்டோகைனேஸையும் (உறைஞ்ச நாரைக் கரைக்கிறது) டி.என்.ஏஸையும், சேர்த்து உள்ள செலுத்தி, சீழ் தண்ணியாகி வெளிய வந்ததை எழுதினாங்க. மீஷர் பிரிச்ச பொருளைத்தான் அந்த நொதி உள்ள போய் வெட்டுது. அப்புறம் சுத்தமான ஸ்ட்ரெப்டோகைனேஸ் தனியாக் கிடைச்சதும் டாக்டர்கள் அதை மட்டும் பல காலம் குடுத்துப் பார்த்தாங்க. இங்கிலாந்துல பெருசா ஒரு சோதனை நடந்து 2005ல முடிவு வந்துச்சு: ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் குடுத்தா பிரயோசனம் இல்லை. 2011ல 210 நோயாளிகளை வச்சு அடுத்த சோதனை. நாரைக் கரைக்கிற இன்னொரு மருந்து தனியா, டி.என்.ஏஸ் தனியா, ரெண்டும் சேர்த்து, வெறும் உப்புத்தண்ணின்னு நாலு பிரிவு. தனித்தனியாக் குடுத்தப்ப வேலைக்கு ஆகலை, சேர்த்துக் குடுத்தப்ப மட்டும் தெளிவாப் பலன் தெரிஞ்சது. (இதுல போட்டது மனுச டி.என்.ஏஸ், செல்கள்ல வளர்த்து எடுத்தது. பாக்டீரியாவோடது இல்லை.) அறுபது வருசம் ஓடிப் போயிருக்கு பாருங்க. கலவையா இருந்தப்ப வேலை செஞ்சது ஏன்னு, ஒவ்வொண்ணும் சுத்தமாக் கையில இருந்தாத்தானே கேக்க முடியும்?

இந்தியாவுல யாரும் செய்யலையான்னு கேப்பீங்க. செஞ்சிருக்காங்க. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துல வி. சங்கர் குழு பூஞ்சைகள்ல இருந்து இந்த மாதிரி நியூக்ளியேஸ்களைச் சுத்தம் பண்ணி, ஒவ்வொண்ணோட குணத்தையும் பொறுமையா எழுதி வச்சிருக்கு. 2003ல அவரும் நீலம் தேசாயும் எழுதின ஒற்றை இழை நியூக்ளியேஸ்கள் பற்றின தொகுப்புக் கட்டுரையை உலகம் பூரா எடுத்துக் காட்டுறாங்க. சண்டிகர் இம்டெக்ல ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சுத்தமா எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சு கம்பெனிக்குக் குடுத்து, மாரடைப்பு மருந்தா சந்தைக்கும் வந்துச்சு. நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து கே. தர்மலிங்கம் 1976ல அமெரிக்காவுல எட்வர்ட் கோல்ட்பர்க்கோட சேர்ந்து, பாக்டீரியா உள்ள வச்சிருக்கிற வெட்டுற நொதிகிட்ட இருந்து டி4 ஃபேஜ் வைரஸ் எப்படித் தப்பிக்குதுன்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினவர். குச்சனூர்ல இருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ல ரெண்டு மூணு மணி நேரம். தூரம் அதிகமில்ல, நமக்குத்தான் போக்குவரத்து இல்லாம போச்சு.

சரி, காசு இல்லாத கல்லூரியில முடியுமா? முடியும்னுதான் சொல்லுவேன். பாப்பாவுக்கு நான் எழுதிக் குடுத்ததைச் சுருக்கமா இங்க போடுறேன், வேற பிள்ளைங்களுக்கும் ஆகும்.

கிருமி விஷயத்துல முதல்ல ஜாக்கிரதை. சீழ்ல இருந்தும் தொண்டையில இருந்தும் பிரிச்சதை மாணவர்கள் லிட்டர் கணக்குல வளர்க்கக் கூடாது. சேத்துல கிடைக்கிற பேசில்லஸ் மாதிரி சாதுவானதுதான் சரி. கு-7 பேசில்லஸ் மாதிரிதான் தெரியுது. (இங்க மட்டும் 16எஸ் உண்மையிலேயே உபயோகம், ஒத்துக்கறேன். யார்னு தெரியாம பெருசா வளர்க்க வேண்டாம்.) அமிலம் ஊத்தின தட்டுல பாக்டீரியா செத்துடும், அதனால நகல் தட்டு ஒண்ணு முன்னாடியே வேணும்.

வெளியே சுரக்கிற நொதியில ஒரு பெரிய சௌகரியம், செல்லை உடைக்க வேண்டியதில்லை. சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி அடியில படிஞ்சதைத் தள்ளிட்டா, மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணியிலதான் நொதி. அதுல அம்மோனியம் சல்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கணும். உரக்கடையில மூட்டையா கிடைக்குதேன்னு அதை வாங்கிப் போட்டுடாதீங்க :-) அதுல இருக்கிற அழுக்கு உலோகம் நொதியைக் கெடுத்துடும். லேப் தரமும் ஒண்ணும் யானை விலை இல்லை. லிட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல போகும்போது பெரும்பாலான புரதம் திரண்டுடும். குளிர் அறை வேணும்னு இல்ல, ஐஸ் தொட்டியும் சாதாரண ஃப்ரிட்ஜும் போதும்.

அடுத்தது டயாலிசிஸ். இங்கதான் நிறைய பேருக்கு நொதி "காணாமப் போகும்". கல்லூரியில இருக்கிற டயாலிசிஸ் பை பொதுவா 12,000ல இருந்து 14,000 டால்டன் வரை வெளிய விடுற ரகம். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் சுரக்கிற நியூக்-பி ங்கிற டி.என்.ஏஸ் கிட்டத்தட்ட 12,000 டால்டன்தான். இங்கிலாந்து நியூகாசில்ல கடல்பாசி மேல இருந்து எடுத்த பாக்டீரியாவுல இருந்து 2010ல அதைப் பத்தி எழுதினாங்க. பாக்டீரியாக்கள் ஒட்டிக்கிட்டு வாழுற படலத்தையே அது கலைச்சு விடுது. கு-7ம் அதுக்குச் சொந்தக்காரனா இருந்தா நொதி பை வழியா ஒழுகி சிங்க்குக்குள்ள போயிடும். அதனால சின்ன ஓட்டை உள்ள பை வாங்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் பழக்க தோசத்துல பஃபர்ல ஈ.டி.டி.ஏ. போடக் கூடாது. இந்த நொதிகள்ல பெரும்பாலானதுக்கு மெக்னீசியமோ கால்சியமோ மாங்கனீசோ வேணும், ஈ.டி.டி.ஏ. அதையெல்லாம் பிடுங்கிக்கும்.

அதுக்கப்புறம் ஒரு டி.இ.ஏ.இ. காலம், முடிஞ்சா ஒரு செபாடெக்ஸ் காலம். கண்ணாடி ப்யூரெட் அடியில கண்ணாடிப் பஞ்சை அடைச்சு நானே என் காலத்துல காலம் செஞ்சிருக்கேன். நல்லாவே ஓடிச்சு.

அளக்கிறது எப்படி? 260 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சுதல் ஏறுறதை வச்சு அளக்கிறது குனிட்ஸ் 1950ல சொன்ன முறை. அதுக்கு புற ஊதாக்கதிர் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், பல கல்லூரிகள்ல கலரிமீட்டர்தான் இருக்கு. கவலை இல்லை. வேதியியல் துறை அலமாரியில ஆஸ்ட்வால்ட் விஸ்கோமீட்டர் தூசி படிஞ்சு கிடக்கும். டி.என்.ஏ. கரைசல் கொழகொழன்னு மெதுவா இறங்கும், நொதி வெட்ட வெட்ட வேகமா இறங்கும். ஸ்டாப் வாட்ச் போதும். டி.என்.ஏ. விலைதான் அதிகம்னு சொன்னா. அதுக்கும் வழி இருக்கு. கறிக்கடையில ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக்கலாம். மண்ணீரல்ல செல்கள் நெருக்கமா இருக்கிறதால டி.என்.ஏ. நல்லா வரும். உப்பு, சோப்பு, சில்லுன்னு எத்தனால்னு பழைய செய்முறைதான். "மாமா, அப்பத்தா வதக்கிக் குடுக்கிற சுவரொட்டியா?"ன்னு பாப்பா கேட்டா. அதேதான் தாயி. ரெண்டு வாங்கினா ஒண்ணு சட்டிக்கு :-)

இதெல்லாம் முடிஞ்சதும் ஒரு அட்டவணை போடணும். என் பார்வையில மொத்த ப்ராஜெக்ட்டும் அந்த ஒரு பக்கம்தான். சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன்: ஆரம்பத்துல 500 மில்லிகிராம் புரதத்துல 1000 அலகு நொதி, அதாவது மில்லிகிராமுக்கு 2 அலகு. கடைசியில 10 மில்லிகிராம் புரதம், 400 அலகு, மில்லிகிராமுக்கு 40. இருபது மடங்கு சுத்தமாயிடுச்சு, கையில நின்னது நாப்பது சதவீதம். மிச்ச அறுபது எங்க போச்சு? செத்துப் போச்சா, காலத்துல ஒட்டிக்கிச்சா, பையில ஒழுகிச்சா, இல்ல அது வேற ஒரு நொதியோட பங்கா? இந்தக் கேள்வியைத் தூக்கிட்டு ராத்திரி தூங்கப் போற பிள்ளைதான் நாளைக்கு எந்த லேப்லயும் பிழைச்சுக்கும்.

நான் இருபது வருசமா மருந்துத் தரக்கட்டுப்பாட்டுல இருக்கேன். வேலைக்கு வர்ற பிள்ளைங்களை இன்டர்வியூ பண்ற பக்கம் அடிக்கடி உக்காருவேன். உறவுமுறை மரம் வரைஞ்சவங்க நிறைய வர்றாங்க. "ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி குறைஞ்சா என்ன அர்த்தம்?"னு கேட்டா முழிக்கிறாங்க. ஏழெட்டு வார்த்தையில பதில் சொல்லக்கூடிய விஷயம். அவங்க புத்தியில குறை கிடையாது, யாரும் கையில குடுத்துச் செய்ய விடலை. தடுப்பூசித் தயாரிப்புல, வளர்த்த செல்லோட டி.என்.ஏ. ஒரு டோஸ்ல 10 நானோகிராமுக்கு மேல மிஞ்சக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட அளவு இருக்கு. அதைக் கரைக்க ஊத்துறது செராஷியா மார்செசன்ஸ்ங்கிற பாக்டீரியா வெளியே சுரக்கிற நொதி. டென்மார்க்ல பென்சான் கம்பெனி பேர்ல பென்சொனேஸ்னு வந்தது, இப்ப உலகமெல்லாம் விக்குது. அதுவும் யாரோ ஒருத்தர் தட்டுல வட்டம் பார்த்து, அதோட நிக்காம போனதுதான்.

"புதுசா ஒண்ணும் வராது, ஏற்கெனவே தெரிஞ்ச நொதியாத்தான் இருக்கும்"ங்கிறது இன்னொரு வாதம். இருக்கட்டுமே. தெரிஞ்ச நொதியை நம்ம கையால சுத்தம் பண்ணத் தெரிஞ்சா இறக்குமதிப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாத சங்கதியும் வாசல்லயே கிடக்கு. தக்காளி போட்ட நம்ம பக்கத்து விவசாயிங்களைக் கேளுங்க. காலையில பச்சையா நின்ன செடி மத்தியானம் தொங்கிடும், ரெண்டு மூணு நாள்ல காலி. ரால்ஸ்டோனியா பாக்டீரியாவோட வாடல் நோய் அது. தண்டை வெட்டித் தண்ணியில வச்சா பால் மாதிரி இழை இறங்கும், பலரும் பார்த்திருப்பாங்க. செடியோட வேர் நுனியில உதிர்ற செல்கள் டி.என்.ஏ.வை வெளியே விட்டுக் கிருமியைப் பொறி வச்சுப் பிடிக்குது, ரால்ஸ்டோனியா ரெண்டு டி.என்.ஏஸ் சுரந்து அந்தப் பொறியை அறுத்துட்டு உள்ள போகுதுன்னு 2016ல அமெரிக்காவுல காட்டினாங்க. அந்த ரெண்டு நொதியும் இல்லாத ரால்ஸ்டோனியாவால தக்காளியை அவ்வளவு வேகமா வாட்ட முடியலை. நம்ம வெள்ளை அணு வீசுற அதே வலை, தக்காளி வேர்லயும்! கம்பம் பள்ளத்தாக்கு மண்ணுல இருக்கிற ரால்ஸ்டோனியாவோட நொதி எந்தச் சூட்டுல, எந்தக் காரத்தன்மையில நல்லா வேலை செய்யுது, எதைக் கண்டா படுத்துக்குதுன்னு இங்க உக்காந்து பார்க்கிற ஒரு மாணவி வேணாமா? அதுக்கு முதல்ல கு-7 மாதிரி சாது ஒண்ணுல கை பழகணும்.

மச்சான்கிட்டயும் பேசினேன். பேங்க் எக்ஸாம் எங்கயும் ஓடிடாது, மார்ச் வரைக்கும் விடுங்கன்னேன். "அப்ப வேலைக்கு நீங்க பொறுப்பா மாப்ள?"ன்னாரு. பொறுப்பு ஏத்துக்க முடியாது. நாலு கம்பெனிக்குப் பயோடேட்டா அனுப்புறேன்னு மட்டும் சொல்லியிருக்கேன். வழிகாட்டுற ஆசிரியர்கிட்ட பாப்பாவே பேசி, 16எஸ்ஸோட அம்மோனியம் சல்பேட் வரைக்கும் செய்யலாம்னு சம்மதம் வாங்கிட்டா. காலம் போடுறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்னாராம்.

அதனால மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் லேப்ல இருக்கிற பதிவர்கள் யார்கிட்டயாவது பாதி தீர்ந்த செபாடெக்ஸ் ஜி-75 டப்பா, 3,500 டால்டன் டயாலிசிஸ் பை ரெண்டு முழம், தேதி தாண்டின மெத்தில் கிரீன் சும்மா கிடந்தா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. வீரபாண்டி, சின்னமனூர் வரைக்கும் நானே வண்டியில வந்து வாங்கிக்கறேன். விஸ்கோமீட்டர் கிடைச்சிடுச்சு, தூசியோட.